மீட்டரில் கூடிய எட்டு கிலோமீட்டர்

என் அக்கா அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்த இடம் ஒன்றே ஒன்றுதான்: மாமாவின் லாரியில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை. மற்ற இடங்களிலெல்லாம் அவள் உட்கார்ந்தாள் என்று சொல்ல முடியாது. எழுந்திருப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இருந்தாள், அவ்வளவுதான்.

சாப்பிடும்போது கால் ஆடும். மேஜை ஆடும். தண்ணீர் டம்ளர் நகர்ந்து நகர்ந்து என் பக்கம் வந்துவிடும். அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு எழுவார். "நீ சாப்பிட்டு முடிம்மா, பூகம்பம் நின்னதும் நான் வர்றேன்." அம்மாவுக்குச் சிரிப்பு வராது. பெண்பிள்ளை இப்படிக் கால் ஆட்டினால் நாளைக்கு யார் வீட்டில் பொறுத்துக்கொள்வார்கள் என்பது அவள் கவலை. பள்ளியில் ஒரு ஆசிரியை மட்டும் அவளைக் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டே பாடம் கேட்க விட்டார். அந்த வருடம் மட்டும் எல்லாப் பாடத்திலும் தேறினாள். அடுத்த வருடம் வேறு ஆசிரியை. அத்தோடு படிப்பு முடிந்தது.

அதன் பிறகு கடிகாரக் கடை. பிறகு தையல் மெஷின் கம்பெனி. பிறகு ரேடியோ ரிப்பேர். எதிலும் ஒரு வருடம் தாண்டவில்லை. யாரும் துரத்தவில்லை, அவளாகத்தான் கிளம்பினாள். ஒவ்வொரு இடத்திலும் முதலாளி வீடு வரைக்கும் வந்து கூப்பிட்டார். கால் எப்படி ஆடினாலும் அவளுடைய கை ஆடாது. கடிகாரத்துக்குள் இருக்கும் மயிரிழை ஸ்பிரிங்கை இடுக்கியால் தூக்கி வைக்கும்போது, இடுப்புக்கு மேலே ஒருத்தியும் இடுப்புக்குக் கீழே வேறொருத்தியும் இருப்பதுபோலத் தோன்றும்.

கடைசியில் அவள் நிலைத்தது டாக்ஸி மீட்டர் ரிப்பேரில். பேட்டரிக் கடைக்குப் பின்புறம் ஒரு கதவு அகலத்துக்கு ஒரு கடை. நின்றுகொண்டே வேலை செய்யலாம். வண்டிகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். அவளுக்கு அது போதும். ஓட்டுநர்கள் மீட்டரக்கா என்று கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் பெரியவர்களும் அக்கா என்றுதான் சொன்னார்கள்.

மாமா அங்கேதான் வந்தார். லாரியின் ஸ்பீடோமீட்டரைக் கழற்றி ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு, குழந்தையை வைத்தியரிடம் கொண்டு வருவதுபோல வந்தாராம். அந்த மாதத்திலேயே நாலு தடவை வந்தார். நாலாவது தடவை அக்கா மீட்டரைத் திறந்து பார்த்து மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"மீட்டருக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் ஏதோ ஆயிருக்கு."

"அதுக்கு எங்க காட்டணும்?" என்றார் மாமா.

கல்யாணத்துக்கு மறுவாரம் அவருடன் லாரியில் ஏறினாள். நீண்ட மூக்கு வைத்த பழைய வண்டி. என் வயதைவிட அதற்கு வயது கூட. இன்ஜின் சூடு காலில் அடிக்கும், கதவை இரண்டு முறை இழுத்தால்தான் சாத்தும். ஒருநாள் நானும் நடுவில் நெருக்கிக்கொண்டு போனேன். இருநூறு கிலோமீட்டர். அக்காவின் முழங்கால் என் முழங்காலைத் தொட்டுக்கொண்டே இருந்தது. அது ஆடவில்லை. நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி அவளுக்காக அசைந்துகொண்டிருந்தது. அவள் அசைய வேண்டியிருக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு லோடு ஏற்றிக்கொண்டு மாமா கிளம்பினால் அவளும் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

இப்படி ஏழெட்டு வருடம். பிறகு ஒரு மேட்டில் ஏறும்போது லாரியின் கியர்பாக்ஸ் உடைந்தது.

உடைந்தது என்றால் ஒட்டுப்போட முடியாதபடி. பல்லெல்லாம் எண்ணெயில் கிடந்தது. அந்த மாடலுக்கு உதிரி கிடைப்பது நின்று பல வருடமாகிவிட்டது. பட்டறை மேஸ்திரி எங்கெங்கோ அலைந்து, உடைக்க வந்த ஒரு பேருந்திலிருந்து புதிய ரக கியர்பாக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆனால் நாள் இல்லை. பழைய வண்டிகளுக்கான தகுதிச் சோதனை அடுத்து வந்த வியாழக்கிழமை. ஏற்கெனவே இரண்டு தடவை தேறவில்லை. ஒரு தடவை பிரேக்குக்காக, ஒரு தடவை வழியிலேயே நின்றுபோன மீட்டருக்காக. மூன்றாவது தடவையும் போனால் வண்டியின் பதிவு ரத்து. நேராக உடைக்கும் இடத்துக்குத்தான்.

வண்டி போனால் மாமாவுக்கு வேலை இல்லாமல் போகாது. ஒரு பெரிய கம்பெனி அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தது. மாதத்தில் மூன்று வாரம் வெளியே, புது வண்டி, நல்ல சம்பளம். மாமா அந்தக் கம்பெனியின் கடிதத்தை அக்காவிடம் காட்டியபோது நான் அங்கே இருந்தேன்.

"எல்லாம் சரிதான். கம்பெனி வண்டியில வேற யாரையும் ஏத்தக்கூடாதாம்."

"நான் வேற யாராங்க?"

மாமா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அக்கா எழுந்து ஜன்னலைத் திறந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து அதே ஜன்னலைச் சாத்தினாள். மூன்று வாரம் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையில் அவள் என்ன செய்வாள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை கியர்பாக்ஸ் ஏறிவிட்டது. மேஸ்திரிக்கு அது பெரிய காரியமில்லை. இரும்பை வெட்டி ஒட்டித் தாங்கியை மாற்றிவிட்டார். மீட்டர் கேபிள்தான் முரண்டு பிடித்தது. கியர்பாக்ஸில் தொடங்கி டாஷ்போர்டு வரைக்கும் போகும் அந்தக் கேபிளுக்குள் ஒரு கம்பி சுற்றிக்கொண்டே இருக்கும். அது சுற்றும் வேகத்தில்தான் மீட்டரின் முள் எழும். பழைய கியர்பாக்ஸில் அதற்கான வாய் இடதுபுறம் இருந்தது, புதியதில் வலதுபுறம். கேபிள் ஒரு முழம் போதவில்லை. மரையின் அளவு வேறு. கம்பியின் முனை பழையதில் தட்டை, புதியதில் சதுரம். அக்கா தன் கடையிலிருந்து நீளமான ஒரு டாக்ஸி கேபிளைக் கொண்டுவந்து எப்படியோ பொருத்தினாள். மேஸ்திரி வண்டியைப் பட்டறைக்குள்ளேயே பத்தடி முன்னால் உருட்டினார்.

முள் எழவில்லை. சுழியத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு நடுங்கியது. கிலோமீட்டர் எண் பின்னால் நகர்ந்தது.

"மீட்டரக்கா, வண்டிக்கு வயசு குறையுது!" என்று கத்தினார் மேஸ்திரி. "நானும் ஏறி உக்காந்துக்கவா?"

"நீங்க ஏறினா வண்டி பழைய இரும்பாயிரும். இறங்குங்க."

புது கியர்பாக்ஸ் கேபிளை எதிர்த்திசையில் சுற்றியது. அக்கா அதற்கு அசரவில்லை. பல்லோடு பல் சேரும் இரண்டு சக்கரங்களை நடுவில் வைத்தால் திசை தானாகத் திரும்பிவிடும். பல்லின் எண்ணிக்கையைச் சரியாகத் தேர்ந்தால் வேகக் கணக்கும் அதே பெட்டியில் தீர்ந்துவிடும். அவளிடம் ஒரு தகரடப்பா நிறைய செத்துப்போன டாக்ஸி மீட்டர்களின் பல்சக்கரங்கள் இருந்தன. எத்தனைக்கு எத்தனை என்பதுதான் கேள்வி. மீட்டர் டயலின் அடியில் எறும்பு எழுத்தில் ஆயிரம் என்று போட்டிருக்கும். கேபிள் ஆயிரம் சுற்றுச் சுற்றினால் ஒரு கிலோமீட்டர் என்று அர்த்தம். இந்த கியர்பாக்ஸ் கிலோமீட்டருக்கு எத்தனை சுற்றுத் தருகிறது என்று தெரிந்தால் போதும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் போனபோது மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். பட்டறையில் இருந்த இரண்டு ஜாக்கிகளில் ஒன்றை யாரோ வெளி வேலைக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

"மேஸ்திரி வரட்டுமே," என்றார் மாமா.

"அவரு கை கழுவி வர்றதுக்குள்ள நான் மீட்டரே புதுசா செஞ்சிருவேன். ஒரு பக்கம் தூக்குங்க போதும்."

பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினார்கள். மறுபக்கச் சக்கரம் தரையில், முன்னும் பின்னும் கட்டை. கேபிளின் மேல்முனையில் அக்கா ஒரு காகிதக் கொடியை ஒட்டினாள். மாமா சக்கரத்தைக் கையால் தள்ளிச் சுற்ற, அக்கா கொடியை எண்ணினாள். சக்கரம் பத்துச் சுற்று, கொடி பன்னிரண்டு. இரண்டு தடவை செய்தார்கள். இரண்டு தடவையும் பன்னிரண்டு.

"நீ காலேஜ் படிச்சவதானடி, கணக்கப் போடு."

போட்டேன். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு உருட்டி அளந்தது மூன்று மீட்டர் இருபது. கிலோமீட்டருக்கு கேபிள் முந்நூற்று எழுபத்தைந்து சுற்று. வேண்டியது ஆயிரம். எட்டுக்கு மூன்று. நாற்பது பல் சக்கரம் ஒன்று, பதினைந்து பல் சக்கரம் ஒன்று. அக்கா டப்பாவைக் கவிழ்த்து இரண்டையும் எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். சாயங்காலத்துக்குள் இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு நடுவே அவற்றைப் பூட்டி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி செய்துவிட்டாள்.

என் கணக்கில் பிழை இல்லை. இப்போதும் சொல்வேன், ஒரு புள்ளி பிழை இல்லை.

புதன்கிழமை காலை நெடுஞ்சாலைக்குப் போனோம். கிளம்பும் முன் அக்கா டாஷ்போர்டில் இருந்த சின்னப் பெட்டியின் மூடியைத் திறந்து, உட்புறத்தில் மீட்டர் எண்ணைப் பென்சிலால் எழுதினாள்: 38214. எழுதிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள். முள் அழகாக எழுந்தது. நாற்பதுக்கு வந்தபோது லேசாகத் துடித்தது, வேறு குறை இல்லை. மாமா சிரித்தார். அப்போது எங்கள் வண்டியை ஒரு சைக்கிள் முந்திக்கொண்டு போனது.

"யாரு அவன்?" என்றார் மாமா. "நான் நாப்பதுல போறேன்!"

"மிதிக்கிறான் பாருங்க," என்றாள் அக்கா. ஆனால் குரல் சரியில்லை.

வேகத்தைக் கூட்டினார். முள் அறுபதில் நின்றது. அறுபதில் போனால் ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு அறுபது வினாடி. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அறுபது ஆனது, கல் வரவில்லை. எண்பது. நூறு. நூற்றிருபதில் கல் வந்தது.

"உன் கடிகாரத்தக் குடு." வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். அடுத்த கல்லுக்கும் நூற்றிருபது. "சரியா ரெண்டு மடங்கு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. கை தப்புன்னா இப்படி வராது. எங்கயோ புத்தி தப்பியிருக்கு."

நாலாவது கல்லில் திருப்பினோம். அந்த இருக்கையில் அவள் கால் ஆடியதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

பட்டறையில் மேஸ்திரி முழுவதையும் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன வீலத் தூக்கினீங்க?"

"ஒண்ணு."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு வீல் தரையில நின்னா, தூக்கின வீல் சுத்துறதுல பாதி ரெண்டு வீலுக்கும் நடுவுல இருக்கிற டிஃபரன்ஷியலுக்குள்ளயே போயிரும். கியர்பாக்ஸுக்குப் போற ஷாஃப்டுக்கு பாதிதான் வரும். ரெண்டையும் தூக்கியிருந்தா உங்களுக்கு இருபத்தி நாலு வந்திருக்கும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, மீட்டரக்கா?"

"நீங்க சாப்பிடப் போயிட்டீங்க."

"மனுஷன் சாப்பிடக்கூடாதா?"

மேஜை மேல் வைத்த மீட்டரில் என் அக்காவுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. வண்டிக்கு அடியில் படுத்தவர் யாரும் செய்யாத தப்பு அது. நானோ, கல்லூரி நாளில் டிஃபரன்ஷியலைப் படம் வரைந்து பாகம் குறித்து முழு மதிப்பெண் வாங்கியவள். செவ்வாய்க்கிழமை எனக்கும் அது உறைக்கவில்லை. அரை மணி நேரம் காத்திருந்தால் நடந்திருக்காது. அக்காவும் அதைத்தான் நினைத்திருப்பாள். அவள் முகம் சுண்டிவிட்டது.

கிலோமீட்டருக்கு எழுநூற்றைம்பது சுற்று என்றால் நாலுக்கு மூன்று. இருபது பல், பதினைந்து பல். சக்கரங்கள் இருந்தன. ஆனால் இருபது பல் சக்கரம் சிறியது. பழைய தகட்டின் துளைகளுக்கு எட்டாது. புதுத் தகட்டில் துளை போட வேண்டும். லேத்துக்காரர் மூன்று மணிக்குத்தான் கடை திறப்பார். அதுவரைக்கும் அக்கா பட்டறைக்கும் தெருவுக்கும் நடந்தாள். மாமா நாற்காலி போட்டார். அதைச் சுற்றி நடந்தாள். அவர் அந்தக் கம்பெனிக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்; நுனி வெளியே தெரிந்தது. அக்கா போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தாள்.

துளை போட்டு வந்ததும் கடைசி வேலை மிச்சமிருந்தது. இவ்வளவு தடவை கழற்றி மாட்டியதில் கம்பியின் சதுர முனை தேய்ந்திருந்தது. வெட்டி, புது முனை செருகி, சிறு சுத்தியலால் நாலு பக்கமும் தட்டி இறுக்க வேண்டும். ஒரு தட்டுக் கூடினால் கம்பி நசுங்கும், மாற்றுக் கம்பி இல்லை. அக்கா சுத்தியலை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

அவள் கை ஆடியது.

நான் வேறு பக்கம் பார்த்தேன். மேஸ்திரியும் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். மாமா மட்டும் அருகே போனார்.

"வண்டியில ஏறி உக்காரு."

"வேலை கிடக்கு."

"அங்க வெச்சே பாரு. ஏறு."

ஒரு பலகையை அவள் மடியில் வைத்து, அதன் மேல் ஒரு இரும்புத்துண்டை வைத்தார். பிறகு சுற்றிப் போய்த் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டார். வண்டி நின்ற இடத்திலேயே குலுங்கியது.

"ஏங்க, குலுங்குது. எப்படித் தட்டறது?"

"உனக்கு எப்பவும் குலுங்கினாத்தான வேலை ஓடும்?"

அவள் சுத்தியலை எடுத்தாள். இன்ஜின் சத்தத்துக்கு நடுவே டிக், டிக் என்று கேட்டது. நாலு தட்டு. திருப்பி வைத்து இன்னும் நாலு. கம்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கண்ணாடி வழியாக எனக்கு அவள் கைதான் தெரிந்தது. பழைய கை.

வெளிச்சம் போவதற்கு முன் மறுபடி நெடுஞ்சாலை. கல்லுக்குக் கல் அறுபத்தோரு வினாடி. "அந்த ஒரு வினாடி உன் கைத் தப்பு," என்றாள் என்னிடம். திரும்பி வந்ததும் மேஸ்திரி காலை ஓட்டத்தை நினைவுபடுத்தினார். எட்டு கிலோமீட்டர் ஓடி, மீட்டரில் பதினாறு ஏறியிருக்கிறது. திறந்து எட்டைக் குறைத்துவிடலாமா என்றார்.

"கிடக்கட்டும்," என்றாள் அக்கா. "டீசல் இல்லாம எட்டு கிலோமீட்டர் போயிருக்கோம். யாருக்குக் கிடைக்கும்?"

வியாழக்கிழமை சோதனை அலுவலகத்தில் அதிகாரி ஏறி உட்கார்ந்தது அக்காவின் இருக்கையில். வேறு இடம் இல்லை. வண்டி மதிலுக்குப் பின்னால் இருந்த தூரம் அளந்து கோடு போட்ட சாலைக்குப் போனது. அக்கா வாசலில் நின்றாள். நின்றாள் என்றா சொன்னேன்? மரத்துக்கும் மதிலுக்கும் முப்பத்தொரு தடவை நடந்தாள், நான் எண்ணினேன். லாரி திரும்பி வந்தது. அதிகாரி இறங்கிக் காகிதத்தில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார்.

"நாப்பதுல முள்ளு லேசா ஆடுது," என்றார் நிமிராமல்.

"ஆமா சார்," என்றார் மாமா.

"ஆடட்டும். வேகம் சரியா இருக்கு." முத்திரை விழுந்தது.

மாமா அந்தக் காகிதத்தை அக்காவிடம் நீட்டினார். அவள் அதைப் பார்க்கவில்லை. ஏறிப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து கத்தினாள். "சீட்டுல மையக் கொட்டி வெச்சிருக்காரு மனுஷன்! இதுக்கு யாரு முத்திரை குத்துறது?" முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அதன் பிறகு மூன்று வருடம் நாலு மாதம். ஒரு பயணம்கூட மாமா தனியாகப் போகவில்லை. அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் லாரி வாசலிலேயே நின்றது. அங்கே கட்டிலில் அவள் கால் ஆடிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது நாள் நின்றது. அதன் பிறகு மாமா வண்டியை எடுக்கவே இல்லை.

போன வாரம் லாரியிலிருந்து அவளுடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து வரச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார். கதவை இரண்டு முறை இழுத்துச் சாத்தினேன். மை இன்னும் இருக்கிறது. சின்னப் பெட்டியைத் திறந்தபோது மூடியில் பென்சில் எழுத்து, அழியாமல். மீட்டரைப் பார்த்தேன்: 96771.

கழித்தால் ஐம்பத்தெட்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தேழு. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்த தூரம். மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், அதேதான் வருகிறது. ஓடாத அந்த எட்டைக் குறைத்தால்தான் சரியான கணக்கு, எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் எட்டு என்று கீழே எழுதுகிறேன். கோடு போடுகிறேன். கழிக்காமல் தாளைத் திருப்பிவிடுகிறேன்.